வெள்ளிக்கிழமைக் காசு

சுகந்தா பொல்லாதவள் அல்லள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதை போகப் போக உங்களுக்கு அப்படித் தோன்றாது. துபாயின் தேராவில் கௌஸ் முகம்மதுவின் மசாலா ஏற்றுமதிக் கந்தோரில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். ஒரு திர்ஹம் இடித்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சத்வாவில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் கஞ்சியோடு கதவைத் தட்டுவாள். அவள் பொறுக்காத ஆள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி.

தங்கச்சி துஷானி லண்டனில் இருக்கிறாள். அவள் இருக்கிற வீட்டில் இருந்திருக்க வேண்டியவள் சுகந்தா. பதின்மூன்று வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் மாப்பிள்ளை சஜீவனுக்குப் போனது சுகந்தாவின் படம்தான். அவருக்கும் படம் பிடித்திருந்தது. அம்மா கமலேஸ்வரி சந்தோஷத்தில் தன் பழைய நகைகளையெல்லாம் உருக்கிப் பன்னிரண்டு பவுணில் ஒரு பதக்கஞ்சங்கிலி செய்வித்தாள். மூத்தவளின் கழுத்தில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி அழகும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் பிடித்த வேறொரு சாத்திரியார் சுகந்தாவின் குறிப்பில் செவ்வாய் குற்றம் என்றார். இளையவளின் குறிப்பு பொருந்தியது. பெண்ணை மாற்றினார்கள். சங்கிலியை மாற்றவில்லை. சுகந்தாவின் கழுத்தில் பத்து நிமிடம் கிடந்த சங்கிலி துஷானியின் கழுத்தில் ஏறி லண்டனுக்குப் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து சுகந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது. வினோஜன் தங்கமான மனிசன், ஆனால் கழுத்தில் போடுகிற தங்கம் அந்தக் கல்யாணத்தில் கொஞ்சம்தான். உருக்குவதற்கு அம்மாவிடம் வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை. துபாய்க்கு வந்த நாள் தொடக்கம் சுகந்தாவுக்கு ஒரு வேலை கூடிவிட்டது. துஷானி சமைக்கிற குசினிக்குப் புதுக் கல் பதித்தால் இங்கே இவளுக்குத் தலையிடிக்கும். துஷானி கார் மாற்றினால் இங்கே இரண்டு நாளைக்கு வினோஜனுக்கு உறைப்புக் குறைந்த கறி. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று எதற்கு அவள் படம் போட்டாலும் சுகந்தா முதலில் கழுத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள். சங்கிலி இருந்தால் ஒரு எரிச்சல். இல்லாவிட்டால், வைத்துக்கொண்டும் போடாமல் கிடக்கிறதே என்று வேறொரு எரிச்சல். படங்களுக்குக் கீழே மற்றச் சொந்தங்களெல்லாம் வடிவு வடிவு என்று அழகைப் புகழ்ந்து எழுதுவார்கள். சுகந்தா அந்தப் பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் அந்தச் சொல்லை எழுதியதில்லை.

இப்படிப்பட்ட தங்கச்சியிடம்தான் போன தை மாதம் கையேந்த வேண்டி வந்தது. மார்கழியில் வினோஜனின் கொம்பனியை இழுத்து மூடினார்கள். வருட வாடகைக்குத் திகதி போட்டு முன்கூட்டியே கொடுத்திருந்த காசோலைகளில் ஒன்று தை பதினைந்தாம் திகதி வங்கிக்குப் போகும். கணக்கில் காசில்லாமல் காசோலை திரும்பினால் இந்த ஊரில் அது சின்ன விசயம் இல்லை. கௌஸ் முகம்மது ஏற்கெனவே ஒரு மாதச் சம்பளம் முன்பணமாகத் தந்துவிட்டார். தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டு முடித்து, கேட்க ஆளில்லாமல்தான் சுகந்தா லண்டனுக்குப் போன் எடுத்தாள். இருபத்தோராயிரம் திர்ஹம் என்று சொல்வதற்குள் நாலு தரம் தொண்டையைச் செருமினாள்.

துஷானி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாலாயிரத்தைந்நூறு பவுண்ஸ் வரும், இப்போதே போடுகிறேன் என்றாள். ஆனால் காசு எங்கேயிருந்து வருகிறது என்பதை மட்டும் விளங்கப்படுத்தினாள்.

"இது என்ர ஐசாக் கணக்கில கிடக்கிற காசு அக்கா. அதில வாற வட்டிக்கு இஞ்ச வரி இல்லை. ஆனா வருசத்துக்கு இவ்வளவுதான் போடலாமெண்டு ஒரு இடம் தருவாங்கள். என்ர கணக்கு, எடுத்திட்டுத் திருப்பி வைக்கக்கூடிய வகை. ஏப்ரல் அஞ்சாந் திகதிக்குள்ள வச்சிட்டா எடுத்தது எடுக்காத மாதிரி. அதுக்குப் பிறகு வச்சா அந்த இடம் போயிடும். புதுசாப் போடுற காசெண்டு அடுத்த வருசத்து இடத்தில பிடிச்சுப்போடுவாங்கள்."

பிறகு அவளுடைய குரல் இறங்கியது. சஜீவனுக்குச் சொல்லவில்லையாம். சொந்தக்காரருக்குக் காசு கொடுப்பதில்லை என்பது அவருடைய சட்டமாம். ஏப்ரல் முடிய வங்கியிலிருந்து வருடக் கணக்குக் கடுதாசி வரும். அதை உடைப்பவர் அவர்தான், அடித்தொகையை மட்டும்தான் பார்ப்பார். அதற்குள் நிரப்பி வைத்துவிட்டால் போதும் என்றாள். பத்து நிமிடத்தில் காசு வந்து சேர்ந்தது.

சுகந்தா அழுதாள். அந்த அழுகை உண்மையான அழுகைதான். ஆனால் கண்ணைத் துடைத்த பிறகு இரண்டு சொல் அவளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்று, இடம். சம்பளத்தில் ஒரு சதம் வரி பிடிக்காத ஊரில் இருந்துகொண்டு, வரிக்குப் பயந்து ஒளித்துவைக்க ஒரு சதமும் இல்லாதவள் இவள். தங்கச்சிக்கோ காசு வைக்க அரசாங்கமே வருடா வருடம் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. மற்றது, அவருக்குச் சொல்லவில்லை என்பது. அந்தப் பளிங்குக் கல் பதித்த வீட்டிலும் புருசனுக்குத் தெரியாமல் ஒரு மூலை இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதை நினைக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பங்குனியில் வினோஜனுக்கு வேறு வேலை கிடைத்தது. பழைய கொம்பனி கொடுக்க வேண்டிய கடைசிக் கணக்குப் பணம் இழுபட்டு இழுபட்டு ஏப்ரல் இரண்டாம் திகதி கைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் துஷானி ஒரேயொரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, இந்த வெள்ளிதான் அஞ்சாந் திகதி." பக்கத்தில் கும்பிடுகிற இரண்டு கை. சுகந்தா ஓம் என்று மட்டும் பதில் போட்டாள்.

காசு வந்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் காசு வெளியே போகக்கூடாது என்று அம்மா சொல்லுவாள், எனவே அன்றைக்கு அனுப்பவில்லை. புதன்கிழமை காசு அனுப்பும் கடை வாசல்வரை போனாள். பெருநாள் வரப்போகிறது, ஊருக்கு அனுப்ப வந்த சனம் வீதிவரை நின்றது. திரும்பி நடக்கும்போதுதான் அந்த யோசனை முதன்முதலாகத் தலையைக் காட்டியது. வெள்ளிக்குள் போகாவிட்டால் என்ன? காசை விழுங்கப் போவதில்லை. சனிக்கிழமை சதம் பிசகாமல் அனுப்பிவிடலாம். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அங்கே ஒரு இடம் இல்லாமல் போகும். கடுதாசி வரும், சஜீவன் உடைப்பார், அடித்தொகையைப் பார்ப்பார், பிறகு துஷானியைப் பார்ப்பார். இத்தனை வருடமாக எல்லாம் பொருந்தி வந்தவளுக்கு ஒரு தரமாவது ஏதாவது பொருந்தாமல் போகட்டுமே. கடன் வாங்கியவள் என்று பெயர் கெடப்போவது தனக்குத்தான் என்பதும் சுகந்தாவுக்குத் தெரியாமல் இல்லை. மூக்குப் போனாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனப்பிழை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனாலும் வியாழக்கிழமை மனம் கேட்கவில்லை. ஐந்து வயதில் மழைக்கு அக்காவின் பாவாடைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு வந்த துஷானியும் அந்த மனத்துக்குள் எங்கேயோ இருந்தாள். கௌஸ் முகம்மதுவிடம் ஒரு மணித்தியாலம் கேட்டாள். நோன்புக் களைப்பிலும் அவர், "போயிட்டு வாங்கம்மா, கூட்டம் இருந்தாலும் நின்னு முடிச்சிட்டே வாங்க" என்று அனுப்பிவைத்தார். நூற்று நாற்பத்தேழாம் இலக்கச் சீட்டு கிடைத்தது. பலகையில் நூற்று முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. காசையும் அடையாள அட்டையையும் கைப்பைக்குள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். பொழுது போகட்டும் என்று போனை எடுத்தாள்.

எடுத்திருக்கக் கூடாது. துஷானி காலையில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுத்த படம். வீட்டில் உடுக்கிற பருத்திச் சட்டை, வாராத தலை, கழுத்தில் பதக்கஞ்சங்கிலி. கலியாணம் இல்லை, கோயில் இல்லை, ஒரு விசேசமும் இல்லை. வியாழக்கிழமை விடியக் காலமை, வீட்டுச் சட்டைக்கு மேல் பன்னிரண்டு பவுண். படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை, சிவப்பு இதயம் ஒன்று மட்டும்.

சுகந்தாவுக்குக் காது இரண்டும் சுட்டன. இங்கே ஒருத்தி வாடகைக்குக் கடன்பட்டு, அந்தக் கடனை அடைக்க வரிசையில் குந்தியிருக்கிறாள். அங்கே ஒருத்தி தேத்தண்ணி குடிக்கவும் அந்தச் சங்கிலியோடு நிற்கிறாள். யாருக்குக் காட்ட? எனக்குத்தான். எனக்குக் காட்டத்தான். படத்தை இரண்டு விரலால் விரித்தாள். பதக்கத்தின் நடுவில் சிவப்புக்கல் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கல் தன் நெஞ்சுக்குழியில் குளிர்ந்து கிடந்த பத்து நிமிடம் ஞாபகம் வந்தது. பலகையில் நூற்று நாற்பத்தைந்து விழுந்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டாள். வெயிலில் நடந்துகொண்டே, இடமாவது மண்ணாவது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

காசு அனுப்பியாயிற்றா என்று அன்று பின்னேரம் வினோஜன் கேட்டான். சனம் என்று பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல் விட்டாள். வெள்ளி காலையில் திரும்பவும் கேட்டான். வெள்ளிக்கிழமை காசு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று சாமிப்படத்துக்குத் திரி போட்டுக்கொண்டே பதில் சொன்னாள். குரலில் பக்தி வழிந்தது.

வினோஜன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உமக்குத் தங்கச்சி காசு போட்டது என்ன கிழமை எண்டு தெரியுமோ?"

அவள் கையிலிருந்த திரியை இன்னொரு தரம் முறுக்கினாள்.

"தை பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை. அவளுக்கும் அதே அம்மாதான் சொல்லிக் குடுத்தவ. கிழமை பாத்தவளே? இப்ப நீர் ஒண்டும் குடுக்கேல்லை சுகந்தா. அவளின்ர காசு அவளட்டப் போகுது, அவ்வளவுதான்."

அவன் போன பிறகு கதவு சாத்திய சத்தம் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நின்றது. சுகந்தா கலண்டரை எடுத்துப் பார்த்தாள். கணக்குக்காரி அல்லவா, சரி பார்க்காமல் நம்பமாட்டாள். தை பன்னிரண்டு வெள்ளிதான். தனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஜும்மா முடிந்து கடை திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றாள். சீட்டு எடுத்து, அட்டையைக் காட்டி, நாலாயிரத்தைந்நூறு பவுண்ஸ் ஒரு சதம் குறையாமல் அனுப்பினாள். லண்டனில் அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை. ரசீதைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தாள். பல நாளைக்குப் பிறகு அதில் சீனியின் ருசி தெரிந்தது. இப்படி ஒரு நல்லவளாக இருப்பது சுகமாகத்தான் இருக்கிறது என்றும் நினைத்தாள்.

ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் துஷானி எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமையெண்டும் பாக்காம அனுப்பினனியே அக்கா?" அவளுடைய குரலில் ஆச்சரியம்தான் முன்னால் நின்றது. "நீ அம்மா மாதிரியெல்லோ. வெள்ளியெண்டா உப்பும் வெளியில குடுக்கமாட்டாய். அதால எனக்கு வியாழன்தான் கடைசி நாளெண்டு நினைச்சிருந்தன். நேற்று விடிய எழும்பிப் பாத்தன், மத்தியானமும் பாத்தன், உன்ர மெசேஜ் இல்லை. உனக்கு அங்க என்ன கஷ்டமோ, திருப்பித் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. நேற்றே பவுண் போட்டு நிரப்பிட்டன்."

சுகந்தாவுக்கு முதலில் நிம்மதி வந்தது. இடம் போகவில்லை. கடுதாசி ஒழுங்காக வரும். அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே, அதுதானே, அவளிடம் இல்லாத காசா என்ற பழைய குணமும் வந்து எட்டிப் பார்த்தது.

"அவ்வளவு காசு எங்கால எடுத்தனீ?"

"பவுணிலதான்."

"பவுண்ஸ்தானே போடலாம் அங்க. அது தெரியும். எங்கால எண்டுதான் கேக்கிறன்."

"பவுண்ஸ் இல்லை அக்கா. பவுண். பதக்கஞ்சங்கிலி."

நம்முடைய வாயில் இங்கிலாந்துக் காசுக்கும் தங்கத்துக்கும் ஒரே பேர்தான். இவ்வளவு நாளும் அது சுகந்தாவுக்கு ஒரு குழப்பமாகவும் இருந்ததில்லை. இப்போது அந்தச் சொல் காதுக்குள் போய் எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் நின்றது. விழுந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

துஷானி சொல்லிக்கொண்டு போனாள். நகைக்கடையில் அடகுக்குக் கேட்டாளாம், அரைவாசிதான் தருவோம் என்றார்களாம். அதனால் மத்தியானம் கொண்டுபோய் விற்றுவிட்டாளாம். நிறுத்துப் பார்த்து, கல்லைக் கழித்து, நாலாயிரத்தைந்நூறுக்குக் கிட்ட வந்ததாம். சஜீவன் கண்டுபிடிக்கமாட்டாரா என்று சுகந்தா கேட்டாள். வேறு எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவர் கடுதாசியைத்தான் பாப்பார்," என்றாள் துஷானி. "என்ர கழுத்தில என்ன கிடக்கு, என்ன கிடக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியாது."

அவள் அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். சுகந்தா அந்த வீட்டின் பளிங்குக் கல்லையும் காரையும் பதின்மூன்று வருடம் பார்த்திருக்கிறாள். அந்தக் குரலை இன்றைக்குத்தான் கேட்டாள்.

"திருப்பி எடுக்கேலாதோ? இப்ப காசு வந்திட்டுதெல்லோ. போய்க் கேள். கூடக் கேட்டாலும் நான் தாறன்."

"உன்ர ரசீதைக் கண்டவுடன கடைக்குத்தான் எடுத்தனான் அக்கா. காலமையே உருக்கக் குடுத்திட்டாங்களாம்." பிறகு துஷானி சிரிக்கப் பார்த்தாள். "இப்ப நீ போட்ட காசை எங்க வைக்கிறது எண்டுதான் தெரியேல்லை. அங்க இடம் நிரம்பிட்டுது."

சுகந்தா கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடு அக்கா. யூலைல ஊருக்குப் போகேக்க துபாய்க்கால இறங்குவம், இறங்கி உன்ர கழுத்தில போட்டுவிடுவம் எண்டு வச்சிருந்தன். உனக்குச் செய்ததுதானே அது. நான் போடுற ஒவ்வொரு தரமும் எனக்கு அது உறுத்தும். அதான் நேற்று விக்கிறதுக்கு முன்னம் ஒருக்காப் போட்டுப் பாத்தனான். படம் எடுத்துப் போட்டனான், நீயும் ஒருக்காப் பாக்கட்டுமெண்டு. கண்டனியே?"

கைப்பை சுகந்தாவின் மடியில் கிடந்தது. அதற்குள் நேற்றைய சீட்டும் கிடந்தது, இலக்கம் நூற்று நாற்பத்தேழு, நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. அப்போது லண்டனில் காலை எட்டே முக்கால். அங்கே நகைக்கடை திறக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருக்கும். இரண்டே இரண்டு இலக்கம் பொறுத்திருந்தால் காசு போயிருக்கும், சங்கிலி நின்றிருக்கும், ஆடி மாதம் தன் கழுத்துக்கு வந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிந்தது. சங்கிலிக்கு எரிந்தது, தன்மேல் எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுக்க வேண்டும் என்று நினைப்பதிலும் தங்கச்சிதான் முந்திக்கொண்டாள் என்பதற்கு எரிந்தது.

"அக்கா? கண்டனியே எண்டு கேட்டன்."

"கண்டனான்," என்றாள் சுகந்தா. "வடிவா இருந்தது."

"பதின்மூண்டு வருசத்தில இண்டைக்குத்தான் சொல்லுறாய்," என்றாள் துஷானி.

வேலைக்கு நேரமாகிறது, பிறகு எடுக்கிறேன் என்று அவள் போனை வைத்தாள். சுகந்தா ஸ்டேட்டசைத் தேடினாள், அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்க. ஒரு நாள்தான் அது நிற்கும், அந்த நாள் கடந்துவிட்டிருந்தது. படம் போய்விட்டது.